தானியங்கி டிரேடிங் மென்பொருள் வேலை: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்யூஎஸ், என்டியூ மாணவர்கள் கேட்கிறார்கள். தேசிய சேவை முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பிகள் கேட்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துக்கொண்டு இங்கே வர நினைப்பவர்கள் கேட்கிறார்கள். தேக்காவில் தோசைக்குக் காத்திருக்கும்போது பெரியவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்? நாள் முழுக்க பங்கு வாங்கி விற்பீர்களா?

நான் எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை. அதை நிரல் செய்கிறது. அந்த நிரலை எழுதுவதும், காலையில் அதைச் சரியாக எழுப்பிவிடுவதும், அது ஏடாகூடமாக நடந்தால் உடனே நிறுத்துவதும்தான் வேலை.

பங்குச் சந்தையிலிருந்து விலைத் தகவல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அதை வைத்து யார் என்ன விலைக்கு வாங்க நிற்கிறார்கள், விற்க நிற்கிறார்கள் என்ற பட்டியலை, அதாவது ஆர்டர் புக்கை, நம் பக்கத்தில் கட்ட வேண்டும். அதைப் பார்த்து ஒரு பகுதி முடிவெடுக்கும். அந்த முடிவு வரம்புக்குள் இருக்கிறதா என்று இன்னொரு பகுதி சோதிக்கும். பிறகுதான் ஆர்டர் வெளியே போகும். மாலையில், கையில் இருப்பதாக நம் கணக்கு சொல்வதும் சந்தையின் கணக்கு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் முடிவெடுக்கும் பகுதியை மட்டும்தான் வெளியில் இருப்பவர்கள் கற்பனை செய்கிறார்கள். மொத்த நிரலில் அது சின்னப் பங்கு. அதையும் பெரும்பாலும் குவான்ட் எனப்படும் கணிதக்காரர்கள் வடிவமைப்பார்கள். மீதி எல்லாம் எங்கள் தலையில்.

அண்ணே, பொருளாதாரம், நிதியியல் எல்லாம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். ஃப்யூச்சர்ஸ் என்றால் என்ன, மார்ஜின் ஏன் கேட்கிறார்கள், ஓர் ஆர்டர் பாதி மட்டும் நிறைவேறினால் மீதி என்ன ஆகும் என்பதெல்லாம் சில மாதங்களில் பிடிபட்டுவிடும். இயக்க முறைமை, நெட்வொர்க், நினைவகம் ஆகியவை உள்ளே எப்படி இயங்குகின்றன என்று புரியாமல் வந்தால்தான் சிரமம்.

எந்த மொழி கற்றுக்கொள்ள வேண்டும்?

வேகம் முக்கியமான இடங்களில் சி பிளஸ் பிளஸ். ஆய்வுக்கும் தரவு அலசவும் பைத்தான். வங்கிகளில் ஜாவா நிறையப் புழங்குகிறது. ரஸ்ட் மெல்ல நுழைகிறது. ஜேன் ஸ்ட்ரீட் போல ஓகேமலில் எழுதும் நிறுவனமும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசிப்பதை விட, ஒன்றை எடுத்து ஆழமாகப் போவது நல்லது.

எந்த மொழியானாலும் ஒரு பழக்கம் வேண்டும். விலையைத் தசம எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாக, வைக்காதீர்கள். பைத்தானில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். விலை இரண்டும் சமமா என்று இதை வைத்து ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? அதனால் விலையை முழு எண்ணாக, இத்தனை டிக், அதாவது விலை நகரும் மிகச் சிறிய படி இத்தனை, என்று வைத்துக்கொள்வதே வழக்கம்.

வேகம் வேகம் என்கிறீர்களே, எவ்வளவு வேகம்?

இங்கே கணக்கு மைக்ரோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2011இல் ரீச் என்ற புதிய வர்த்தக இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, ஓர் ஆர்டருக்குப் பதில் தர 90 மைக்ரோ விநாடி என்று அறிவித்தது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். அந்த 90 மைக்ரோ விநாடியில் அது கடக்கக்கூடிய தூரம் 18 கிலோமீட்டர்: ஏறக்குறைய ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து பூன் லே வரை. எக்ஸ்சேஞ்சின் தரவு மையத்துக்குள்ளேயே தங்கள் சர்வரை வாடகைக்கு வைக்க நிறுவனங்கள் போட்டி போடுவது ஏன் என்று இதிலிருந்து புரியும். கோ-லொகேஷன் என்பது இதுதான்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்லும். சிங்கப்பூருக்கும் டோக்கியோவுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 5,300 கிலோமீட்டர். இழை வழியாக ஒருவழிக்கு 26 மில்லி விநாடிக்குக் கீழே எவராலும் இறங்க முடியாது. ஆகவே டோக்கியோ விலையைப் பார்த்து இங்கே ஆர்டர் போடும் நிரலில், உள்ளே ஒரு மைக்ரோ விநாடியைச் சேமிக்க ஆறு மாதம் உழைப்பதற்கு முன், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமலே நிரலைத் தீட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

நிரலுக்குள் வேகம் வருவது பெரும்பாலும் வேலையைக் குறைப்பதால். செயலி தன்னோடு ஒட்டியிருக்கும் சின்ன நினைவகமான கேஷில் இல்லாத தரவை முதன்மை நினைவகத்தில் தேடிப் போனால் சுமார் 100 நானோ விநாடி, அதாவது மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு, போய்விடும். அதற்குள் அது நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்திருக்கும். எனவே தரவை நெருக்கமாக அடுக்குவது, சந்தை நேரத்தில் புதிதாக நினைவகம் கேட்காமல் இருப்பது, ஒரு செயலிக் கருவை ஒரே வேலைக்கென்று ஒதுக்குவது, இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலைத் தாண்டி நெட்வொர்க் அட்டையிடமே நேராகப் பேசுவது என்று போகும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் எஃப்பிஜிஏ சில்லில் தர்க்கத்தையே வன்பொருளாக எழுதுவார்கள். அது தனி உலகம், ஆட்களும் தனி.

எல்லா நிறுவனத்துக்கும் இந்த வெறி தேவையில்லை. ஓய்வூதிய நிதிக்காக ஒரு பெரிய ஆர்டரை நாள் முழுக்கச் சிறிது சிறிதாக விற்கும் நிரலுக்கு மில்லி விநாடியே தாராளம்.

இந்த வேலை சிங்கப்பூரில் ஏன் இவ்வளவு இருக்கிறது?

காரணம் 1984இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சைமெக்ஸ் என்ற ஃப்யூச்சர்ஸ் சந்தை, அதாவது பின்னொரு தேதியில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களுக்கான சந்தை, இங்கே தொடங்கப்பட்டது. 1999இல் அதுவும் பங்குச் சந்தையும் இணைந்து இன்றைய எஸ்ஜிஎக்ஸ் ஆனது. உள்ளூர்ப் பங்குகள் குறைவு, முக்கியப் பங்குகளின் எஸ்டிஐ குறியீட்டில் மொத்தமே 30. ஆனால் ஜப்பானின் நிக்கேய், சீனாவின் ஏ50 ஆகிய பங்குக் குறியீடுகள், இரும்புத் தாது என்று பிற நாட்டுப் பொருள்களுக்கான ஃப்யூச்சர்ஸ் இங்கே கைமாறுகின்றன. நேர மண்டலமும் வசதி: காலையில் டோக்கியோ, பகலில் ஹாங்காங், 11.45க்கு மும்பை, இரவில் நியூயார்க்.

நம்மவர்களுக்குப் பழக்கமான ஒரு பெயர் எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி, அதாவது இந்தியாவின் நிஃப்டி குறியீட்டுக்கான ஃப்யூச்சர்ஸ். தமிழ்நாட்டில் காலைத் தொலைக்காட்சியில் “எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி ஏற்றத்தில் இருக்கிறது” என்று தினமும் சொல்வார்கள். 2023 ஜூலை 3 முதல் அது குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்குப் போய் கிஃப்ட் நிஃப்டி ஆகிவிட்டது. சந்தைகள் இப்படி இடம் மாறும்போது, குறியீட்டுப் பெயரிலிருந்து வர்த்தக நேரம்வரை மென்பொருளில் எத்தனையோ இடங்களைத் தொட வேண்டியிருக்கும். தலைப்புச் செய்தியில் அந்த வேலை வராது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

டோக்கியோ திறப்பது நம் நேரப்படி காலை எட்டு மணி. எனவே ஏழு, ஏழரைக்கு யாராவது ஒருவர் கண்காணிப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லா இணைப்பும் வந்ததா, நேற்று மாலை கையில் இருந்ததும் இன்று காலை தொடங்குவதும் ஒன்றா, ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தம் எதுவும் இன்று காலாவதியா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். சந்தை திறந்து முதல் அரைமணி நேரம் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அப்புறம் சாதாரண மென்பொருள் வேலைதான்: நிரல் எழுது, மற்றவர் எழுதியதைப் படி, சோதனை ஓட்டு.

இங்கே 2011இல் பங்குச் சந்தையின் மதிய இடைவேளையை எடுத்துவிட்டு, 2017இல் 12 மணி முதல் 1 மணிவரை மறுபடி கொண்டுவந்தார்கள். அதனால் அமோய் ஸ்திரீட் உணவங்காடியில் வரிசை நீண்டதா என்று தெரியாது. உள்ளூர்ப் பங்குகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் நிம்மதியான சாப்பாடு.

நேரக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரில் கோடைக்காலக் கடிகார மாற்றம் இல்லை, அமெரிக்காவில் உண்டு. நியூயார்க் சில மாதங்கள் இரவு 9.30க்கும் மற்ற மாதங்கள் 10.30க்கும் திறக்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும் வாரங்களில் எங்கள் ஆட்களிடம் எதையும் கேட்காதீர்கள்.

இதில் எதற்கு அதிகம் பயப்படுவீர்கள்?

நிரல் நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காமல் தவறான ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் பயம். இந்தத் துறையில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் உதாரணம் அமெரிக்காவின் நைட் கேப்பிடல்.

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையின் ஒரு புதிய திட்டத்துக்காக நைட் தன் மென்பொருளை மாற்றியது. மொத்தம் எட்டு சர்வர். ஏழில் புதிய நிரல் போனது, எட்டாவதில் போகவில்லை. போயிருக்கிறதா என்று இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. புதிய வசதியை இயக்க அவர்கள் பயன்படுத்திய குறி, பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட பழைய பகுதி ஒன்றின் குறி. எட்டாவது சர்வரில் அந்தப் பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்ததும் அது உயிர்பெற்று, கேட்ட அளவு வாங்கி முடித்தோமா என்று பாராமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது.

45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள். இழப்பு 460 மில்லியன் டாலருக்கு மேல். எனக்கு இதில் மறக்க முடியாதவை இரண்டு. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்கள் கணினி 97 மின்னஞ்சல்களில் பிழைச் செய்தி அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம், பதற்றத்தில் பொறியாளர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். விளைவு, எட்டிலும் பழைய பகுதி ஓட ஆரம்பித்தது. 2013இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 12 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. அதே ஆண்டு நைட் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்தது.

நேர்முகத் தேர்வில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “எந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய்?” என்று கேட்பது எனக்குப் பிடிக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அநேகம் பேர் நிரலையே குறை சொல்வார்கள். அனுபவம் உள்ளவர்கள் வேறு இடத்தில் கை வைப்பார்கள்: ஆர்டர் அனுப்பும் வாசலில் மொத்தத் தொகைக்கு ஒரு வரம்பு இருந்திருந்தால், காரணம் எதுவாயினும் சில விநாடிகளில் நின்றிருக்கும்.

அப்படியானால் பாதுகாப்புக்கு என்னென்ன இருக்கும்?

ஓர் ஆர்டரின் உச்ச அளவு. விலை சந்தை விலையிலிருந்து எவ்வளவு விலகலாம். ஒரு விநாடிக்கு எத்தனை ஆர்டர். கையில் மொத்தம் எவ்வளவு வைத்திருக்கலாம். இன்று இவ்வளவு நஷ்டம் என்றால் தானாக நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலே கில் சுவிட்ச், அதாவது ஒரே கட்டளையில் எல்லா ஆர்டரையும் ரத்து செய்து புதியதைத் தடுப்பது. இது கார் பிரேக் மாதிரி; ஓட்டிப் பார்க்காமல் இருக்கிறது என்று நம்பக் கூடாது. மாதம் ஒருமுறையாவது உண்மையிலேயே அழுத்திப் பார்க்கும் குழுக்கள் உண்டு. நான் சேர விரும்புவது அப்படிப்பட்ட குழுவில்தான்.

எழுதியவரே நிரலை நேரடிச் சந்தைக்கு அனுப்பக் கூடாது என்ற விதிக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995இல் விழுந்தது இதே சிங்கப்பூரில், சைமெக்ஸில் அதன் வர்த்தகர் நிக் லீசன் செய்த நிக்கேய் வர்த்தகத்தால். நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் அவர் மறைக்க முடிந்ததற்குக் காரணம், வர்த்தகம் செய்வதும் அதன் கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரே ஆள் கையில் இருந்தது. 82.7 கோடி பவுண்டு நஷ்டம். வங்கியை ஐஎன்ஜி ஒரு பவுண்டுக்கு வாங்கியது. நிரலாளர்கள் சிலர் “ஒரு வரி மாற்றத்துக்கு இரண்டு பேர் கையெழுத்தா?” என்று முணுமுணுப்பார்கள். ஆமாம், இரண்டு பேர்தான்.

சட்டச் சிக்கல் வருமா? நான் நிரல் எழுதுபவன்தானே?

நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டர்களைக் காட்டி விலையை நகர்த்திவிட்டு ரத்து செய்வது ஸ்பூஃபிங். பொய்த் தோற்றம் உண்டாக்கும் இத்தகைய வர்த்தகம் சிங்கப்பூரின் பங்குபத்திர, ஃப்யூச்சர்ஸ் சட்டத்தின்படி குற்றம். தனிநபருக்கு 2,50,000 வெள்ளி வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை. கண்காணிப்பது சிங்கப்பூர் நாணய வாரியம் எனப்படும் மாஸ். “எனக்குக் கொடுத்த வடிவமைப்பை எழுதினேன்” என்பது நல்ல கேடயமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆர்டரை எதற்காக ரத்து செய்கிறோம் என்று புரியாமல் ரத்து செய்யும் நிரலை எழுதாதீர்கள்.

எல்லைகள் எப்போதும் தெளிவாக இருக்காது. 2025 ஜூலையில் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் இந்தியக் குறியீட்டு வர்த்தகத்தைச் சூழ்ச்சி என்று இடைக்கால ஆணையில் சொல்லி 4,843 கோடி ரூபாயை முடக்கியது. ஆணையில் பெயர் வந்த நான்கு நிறுவனங்களில் ஒன்று சிங்கப்பூரில் பதிவானது. இது சாதாரண ஆர்பிட்ராஜ், அதாவது விலை வேறுபாட்டைப் பயன்படுத்தும் வர்த்தகம், என்று மறுத்து ஜேன் ஸ்ட்ரீட் மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு எப்படி ஆனாலும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாட்டின் சட்டத்தோடு ஆர்டர் போய்ச் சேரும் நாட்டின் சட்டமும் உங்களைத் தொடும்.

நேர்முகத் தேர்வு எப்படி?

கடினம். தரவுக் கட்டமைப்பு, நிகழ்தகவுப் புதிர், ஒரு ஆர்டர் புக்கை நேரில் எழுதிக் காட்டுவது, நெட்வொர்க்கில் தரவை அனுப்பும் முறைகளான டிசிபிக்கும் யுடிபிக்கும் வேறுபாடு, விலைத் தகவலில் ஒரு பாக்கெட் தொலைந்தால் என்ன செய்வாய் என்பது போன்றவை. கடைசிக் கேள்வியில்தான் ஆள் யார் என்று தெரியும். தொலைந்ததைக் கவனிக்காமல் பழைய புக்கையே நம்பி வர்த்தகம் செய்யும் நிரல் ஆபத்து. வரிசை எண்ணில் இடைவெளி விழுந்ததும் அந்தப் பங்கில் வர்த்தகத்தை நிறுத்திவிட்டு மீட்பேன் என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இந்தியாவிலிருந்து வர எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைக்குமா? சம்பளம்?

2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறைக்கு 6,200. வயது கூடக் கூட அதுவும் ஏறும். அதன்மேல் காம்பஸ் என்ற புள்ளிமுறையில் 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் மனிதவள அமைச்சின் தளத்தைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள், ஏஜென்ட் சொல்வதை வைத்து வேண்டாம்.

துறையில் சம்பளம் நன்றாகவே இருக்கும், ஆனால் பெரும் பகுதி போனஸில். போனஸ் வராத ஆண்டும் வரும். வீட்டுக் கடனை அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு மசேநிதி எனப்படும் மத்திய சேமநிதியும் கிடையாது; முதலாளி தரும் 17 விழுக்காடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் படியுங்கள்: கார்டன் லீவ். வேலையை விட்டாலும் சில மாதங்கள் போட்டி நிறுவனத்தில் சேர முடியாது. அந்தக் காலத்தில் சம்பளம் உண்டா, முழுதா, போனஸ் போகுமா, பாஸ் யார் பொறுப்பில் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பாஸ் வேலையோடு கட்டப்பட்டது என்பதால் இது வெளிநாட்டவருக்கு இரட்டிப்பு முக்கியம். நிறுவனத்தின் நிரலில் ஒரு வரியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், நீங்களே எழுதியதாக இருந்தாலும்.

வீட்டிலிருந்து நானே ஒரு பாட், அதாவது தானாக வாங்கி விற்கும் நிரல், எழுதிச் சம்பாதிக்கலாமா?

கற்றுக்கொள்ள எழுதலாம், தாராளமாக. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் போன்ற தரகு நிறுவனங்கள் ஏபிஐ, அதாவது உங்கள் நிரல் நேராக ஆர்டர் அனுப்ப ஒரு வழி, தருகின்றன. சம்பாதிப்பதைப் பற்றிக் கேட்டால், ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எஸ்ஜிஎக்ஸில் 20 காசு முதல் 99.5 காசு வரையிலான பங்கின் விலை அரைக் காசுப் படியாகத்தான் நகரும். 25 காசுப் பங்கை விற்பவர் விலைக்கு வாங்கி உடனே வாங்குபவர் விலைக்கு விற்றால், இடைவெளி ஒரே படியாக இருந்தாலும் 2 விழுக்காடு போச்சு. அதன்மேல் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஒவ்வொரு பக்கமும் 0.04 விழுக்காடு, தரகர் கமிஷன் வேறு. ஒரு நாளில் பத்துமுறை வாங்கி விற்கும் பாட் எதைச் சம்பாதித்து இதை ஈடுகட்டும்?

பழைய தரவில் ஓட்டிப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது என்று காட்டுவார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இன்று எஸ்டிஐயில் இருக்கும் 30 பங்குகளை வைத்துப் பத்தாண்டு பின்னோக்கிச் சோதித்தீர்களா? அப்படியானால் இடையில் விழுந்து வெளியேறியவை கணக்கில் இல்லை. அன்றைய முடிவு விலையைப் பார்த்து அன்றைய முடிவு விலைக்கே வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களா? அது தெரியும்போது சந்தை மூடியிருக்கும். எத்தனை அளவுருக்களை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு இந்த வரைபடம் வந்தது? மூன்றாவதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

மாமா கேட்கிறார்: எந்தப் பங்கு வாங்கலாம் என்று உனக்குத் தெரியுமே?

தெரியாது மாமா. எங்கள் நிரல் ஒரு பங்கை வைத்திருக்கும் நேரம் நீங்கள் கோப்பி ஆற்றும் நேரத்தைவிடக் குறைவு. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. எங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே முன்அனுமதி கேட்க வேண்டும்.

ஏஐ வந்து இந்த வேலையைத் தின்றுவிடாதா?

வழக்கமான நிரலை அது நன்றாகவே எழுதுகிறது. நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஆவணத்தில் ஒரு வாக்கியம் இரண்டு பொருள் தரும்போது, அங்குள்ள தொழில்நுட்பக் குழுவைக் கூப்பிட்டு எது சரி என்று உறுதி செய்பவர், நள்ளிரவில் கணக்கு ஒத்துப்போகாதபோது சந்தையிலிருந்து வெளியேறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர், மறுநாள் அதற்குப் பதில் சொல்பவர், இவர்கள் தேவை. புதிதாக வருபவர்களுக்குக் கதவு குறுகுகிறது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

சிங்கப்பூரில் பொது விடுமுறை, பங்குச் சந்தையும் மூடியிருக்கும். டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் தீபாவளி இல்லை. இந்தியச் சந்தை பண்டிகையை ஒட்டி ஒரு மணி நேரம் முகூர்த்த வணிகத்துக்கென்றே திறக்கும், அதற்கும் ஆள் வேண்டும். எங்கள் குழுவில் சீனப் புத்தாண்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், தீபாவளிக்கு சீன நண்பர் பார்த்துக்கொள்கிறார். முறுக்கு டப்பாவை முதல்நாளே அவர் மேசையில் வைத்துவிட வேண்டும், அது எழுதாத ஒப்பந்தம்.